கேபிள் நுழைத்த ஓட்டையை மூடாவிட்டால் என்ன?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பளுகலில் இருக்கிறீர்கள். தம்பி வடநாட்டில் ஓர் அணுமின் நிலையத்தில் கான்ட்ராக்டில் கேபிள் இழுக்கப் போயிருக்கிறான். சுவரில் கேபிள் நுழைத்த ஓட்டையை மூடாமல் சாப்பிடப் போனதற்கு, பாதுகாப்பு அதிகாரி எல்லோர் முன்னாலும் ஏசிவிட்டார். கொடுத்த பயிற்சித் தாளில் ஃபயர் ஏரியா, ஃபயர் ஸோன், ஃபயர் பேரியர் என்று ஏழெட்டு வார்த்தைகள். அவனுக்கும் விளங்கவில்லை, போனில் வாசித்துக் காட்டியபோது உங்களுக்கும் விளங்கவில்லை. கை நுழையும் அளவு ஓட்டைக்கா இந்தப் பாடு என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: இரண்டு கையும் அரிக்கிறது என்கிறான், கதிர்வீச்சாக இருக்குமோ என்று அம்மா தூங்காமல் கிடக்கிறார். வார்த்தைக்குப் பொருள் கேட்பதுபோல் எழுதியிருந்தாலும், அங்கே தீப்பிடித்தால் என்ன ஆகும், அவனை அங்கே விடலாமா என்பதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் குழித்துறைக்காரன். நாகபுரியில் உள்ள தேசியத் தீயணைப்புக் கல்லூரியில் படித்து, முப்பது ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக ஆலைகளிலும் அனல்மின் நிலையங்களிலும் தீப்பாதுகாப்பு வேலை பார்த்தவன். அணுமின் நிலையத் தீப்பாதுகாப்புக்குத் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறேன். உள்ளே நின்று வேலை பார்த்ததில்லை. ஆகவே கேபிள், எண்ணெய், புகை பற்றி நான் சொல்வது கைப்பட்ட அனுபவம். உலையைப் பற்றிச் சொல்வது படிப்பு. வார்த்தைக் குழப்பம் என்றால் நம் கேரள எல்லைப் பக்கத்துக்குப் புதிதில்லை. களியக்காவிளை டீக்கடையில் மலையாளப் பத்திரிகை வாசிப்பவர் 'ஆணவ நிலையம்' என்பார். அணுவிலிருந்து வந்த சொல்தான். நம் சைவ சித்தாந்தத்து ஆணவ மலத்துக்கும் அதே வேர்தான். ஆனாலும் தமிழ்க் காதுக்கு அகங்காரத்துக்குக் கட்டடம் கட்டியதுபோல் கேட்கும்.

முதலில் வெடிப்பு. அணுகுண்டு போல உலை வெடிக்குமா என்றால், வெடிக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குண்டுக்கு யுரேனியத்தை 90 விழுக்காட்டு அளவுக்குச் செறிவூட்ட வேண்டும், அதாவது அதில் எளிதில் பிளக்கும் வகையின் பங்கை அந்த அளவுக்குக் கூட்ட வேண்டும். மின் நிலைய எரிபொருள் பொதுவாக 5 விழுக்காட்டுக்குள் நிற்கும், நம் நாட்டுக் கனநீர் உலைகளில் பெரும்பாலும் செறிவூட்டாத இயற்கை யுரேனியமே போதும். வெளியிலிருந்து எந்தத் தீ வந்தாலும் அது குண்டாக மாறாது. ஹைட்ரஜன் வாயு சேர்ந்து வெடிப்பது வேறு விஷயம். 2011-இல் ஃபுகுஷிமாவில் நாம் டிவியில் பார்த்தது அதுதான்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அடுப்பில் விறகை இழுத்துவிட்டால் தீ அணையும், ஆனால் கங்கு கிடந்து கனியும் இல்லையா? உலையும் அப்படித்தான். அணுக்கள் ஒன்றையடுத்து ஒன்றாகப் பிளக்கும் சங்கிலி வினையை ஒரு சில விநாடியில் நிறுத்திவிடலாம். அதன் பிறகும் எரிபொருளுக்குள் சேர்ந்துகிடக்கும் கதிரியக்கப் பொருள்கள் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். கூடங்குளத்தில் இருப்பதுபோன்ற 1,000 மெகாவாட் மின் உலை ஒன்றின் வெப்பத் திறன் சுமார் 3,000 மெகாவாட். நிறுத்திய உடனே அதில் ஆறு, ஏழு விழுக்காடு மிச்சமிருக்கும். ஒரு நாள் கழிந்தாலும் அரை விழுக்காடு, அதாவது 15 மெகாவாட் அளவுக்கு இருக்கும். கேட்கச் சிறிதாகத் தெரியும். ஆனால் அது விநாடிக்கு ஐந்து லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாக்கும் சூடு. தெருவில் மணியடித்துக்கொண்டு போகும் 4,500 லிட்டர் தீயணைப்பு வண்டியின் தொட்டி கால் மணி நேரம்கூடத் தாங்காது. இந்தச் சூட்டைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்கப் பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கும் கட்டளைக்கும் கேபிள் வேண்டும். உங்கள் தம்பியின் வேலை இங்கேதான் வந்து சேர்கிறது.

ஒரு பம்பு பழுதானால் இன்னொன்று ஓட வேண்டும் என்று இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு தொகுதிகள் வைப்பார்கள். கூடங்குளத்தில் நான்கு. ஒன்று கெட்டாலும் மற்றது வேலை செய்யும் என்பது கணக்கு. இந்தக் கணக்கைப் பொய்யாக்கக்கூடியது எது என்று பார்த்தால் முதல் வரிசையில் தீ நிற்கும். நான்கு பம்பை நான்கு மூலையில் வைத்துவிட்டு, நான்கின் கேபிளையும் ஒரே அறை வழியாகக் கொண்டுபோனால், அந்த அறையில் பிடிக்கும் ஒரு தீ நான்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அணுமின் நிலையத்தில் தீப்பாதுகாப்பு என்ற பெயரில் நடப்பதில் பெரும்பங்கு இந்த ஒன்றைத் தடுப்பதற்குத்தான். தம்பி கையில் உள்ள தாளின் வார்த்தைகளை இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பாதி தானாகவே விளங்கும்.

ஃபயர் பேரியர் என்பது தீத்தடைச் சுவர். சுவர் மட்டுமில்லை, தரை, கூரை, கதவு எல்லாம் சேர்ந்தது. ஒரு மணி நேரச் சுவர், மூன்று மணி நேரச் சுவர் என்று மதிப்பு போடுவார்கள். மாதிரிச் சுவரைச் சோதனைச் சூளையில் நிறுத்தி, உலகமெங்கும் ஏற்ற ஒரு வெப்பக் கோட்டின்படி சூடேற்றுவார்கள்: ஒரு மணி நேரத்தில் 945 டிகிரி, மூன்று மணி நேரத்தில் 1,100-ஐத் தாண்டும். சுவர் விழக்கூடாது, பிளவு விட்டு அந்தப் பக்கம் சுவாலை போகக்கூடாது, மறுபக்கத்தின் சூடு சராசரியாக 140 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. கடைசி நிபந்தனையைத்தான் பலர் மறப்பார்கள். சுவாலை வராவிட்டாலும் சுவர் பழுக்கக் காய்ந்தால் மறுபக்கத்துக் கேபிளின் காப்பு உருகிவிடும்.

சரி, ஏரியாவும் ஸோனும். உங்கள் ஊரில் பழைய ஓட்டு வீடு பார்த்திருப்பீர்கள். அறைக்கு அறை சுவர் இருக்கும். ஆனால் சில வீடுகளில் அது மச்சு மட்டத்தோடு நின்றுவிடும், மேலே கூரைக்கடியில் வீடு முழுக்க ஒரே வெளி. அடுக்களையில் பச்சை விறகு வைத்தால் பூஜை அறையில் கண் எரியும். அந்த அறைகள்தான் ஸோன். கண்காணிக்கவும் அலாரம் பிரிக்கவும் வசதிக்காக வகுத்துக்கொண்டவை. சுற்றிலும் தீத்தடைச் சுவர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஓட்டுக்கு மேலேயும் எழுந்து நிற்கும் முழுச் சுவர் இருந்தால், அந்த வீடு ஏரியா. ஒரு ஏரியாவுக்குள் எல்லாமே எரிந்துபோனாலும் தீ அதைத் தாண்டாது என்று நம்பித்தான் மற்றக் கணக்கு எல்லாம் போடுவார்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் நூல்களில் இந்த ஏரியாவை ஃபயர் கம்பார்ட்மென்ட் என்று எழுதியிருப்பார்கள், ஃபயர் செல் என்றும் ஒரு சொல் வரும். அமெரிக்க வழக்கு ஒன்று, முகமையின் வழக்கு ஒன்று. நம் நாட்டில் இரண்டும் கலந்து புழங்கும். கேரளத்தில் ஃபயர் ஃபோர்ஸ், நம் பக்கம் ஃபயர் சர்வீஸ் என்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு வித்தியாசம்: செல் என்றால் வெறும் கோடு கிழித்த பகுதியில்லை. முழுச் சுவர் கட்ட முடியாத இடத்தில் தூரம், எரிபொருள் குறைப்பு, தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பு, பூச்சு இவற்றால் பிரித்து வைத்தது அது. ஸோனும் செல்லும் ஒன்று என்று சில பயிற்சித் தாள்களில் போட்டிருப்பார்கள். தவறு.

இப்போது அந்த ஓட்டை. மூன்று மணி நேரச் சுவரில் மூடாத ஓர் ஓட்டை இருந்தால் அது எத்தனை மணி நேரச் சுவர்? கணக்குக்கு அது சுவரே இல்லை. கேபிள் நுழையும் ஓட்டையை அடைப்பதைப் பெனட்ரேஷன் சீல் என்பார்கள். இதன் அருமை உலகத்துக்குத் தெரிந்த நாள் 1975 மார்ச் 22. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெரி என்ற அணுமின் நிலையம். கேபிள் போட்ட ஓட்டையை நுரைப்பொருளால் அடைத்துவிட்டு, காற்று கசிகிறதா என்று பார்க்க மெழுகுவர்த்தியைக் காட்டினார்கள். சுடர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கசிவு. காற்று உள்ளே இழுத்தது, சுடரும் கூடவே போனது, நுரை பற்றிக்கொண்டது. தீ ஏழு மணி நேரம் நீடித்தது. சுமார் 1,600 கேபிள்கள் கெட்டன. கட்டுப்பாட்டு அறையில் விளக்குகள் மனம்போல் எரிந்து அணைந்தன, பம்புகள் யாரும் சொல்லாமலே ஓடின, நின்றன. ஓடிக்கொண்டிருந்த இரண்டு உலைகளையும் நிறுத்தினார்கள். முதல் உலைக்கான அவசரக் குளிர்விப்பு ஏற்பாடுகள் கைவிட்டுப்போயின. வேறு பம்புகளை வைத்துச் சமாளித்தார்கள். கதிரியக்கம் வெளியே போகவில்லை.

அதில் இன்னொரு பாடம், என் தொழில்காரர்கள் அடிக்கடி பேசுவது. மின்சாரக் கேபிளில் தண்ணீர் அடிக்கக்கூடாது என்று உள்ளே இருந்தவர்கள் மணிக்கணக்கில் தயங்கினார்கள். உள்ளூர்த் தீயணைப்புத் தலைவர் ஆரம்பத்திலேயே தண்ணீர் அடிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அடித்தார்கள், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. குவியலாகக் கிடக்கும் கேபிளின் உள்சூட்டை வாயுவோ பொடியோ எடுக்காது, தண்ணீர்தான் எடுக்கும். இதை நானும் என் கையால் கண்டவன். அதற்காக உங்கள் தம்பி ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. எது மின்னோட்டம் உள்ளது, எது துண்டித்தது என்று தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

பிரவுன்ஸ் ஃபெரிக்குப் பிறகு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1980-இல் விதி போட்டது. ஒன்றுக்கொன்று மாற்றாக உள்ள கேபிள்களுக்கு நடுவில் மூன்று மணி நேரத் தடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் எரியும் பொருள் எதுவும் இல்லாமல் 20 அடி இடைவெளி, கூடவே தீ உணர்வியும் தானியங்கி அணைப்பும். அதுவும் முடியாவிட்டால் ஒரு மணி நேரத் தடையோடு அதே உணர்வியும் அணைப்பும். 20 அடி என்பது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் விஞ்ஞானம் என்று சொல்லிவிடாதீர்கள். அது அனுபவசாலிகள் உட்கார்ந்து ஒத்துக்கொண்ட ஒரு தூரம், அவ்வளவுதான்.

இது வெளிநாட்டுக் கதை என்று நினைத்தால், நம் நாட்டிலேயே ஒன்று இருக்கிறது. 1993 மார்ச் 31 விடிகாலை, உத்தரப் பிரதேசத்தில் நரோரா. டர்பைனின் இரண்டு பிளேடுகள் முறிந்தன. அச்சு குலுங்கியதில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜனை அடைத்து வைத்திருந்த சீல்கள் போயின, ஹைட்ரஜனும் எண்ணெயும் பற்றின. இயக்குபவர்கள் 39 விநாடிக்குள் உலையை நிறுத்திவிட்டார்கள். அதுவரை எல்லாம் சரி. பிறகு தீ கேபிள் வழியே நடந்தது. வழக்கமான மின்சாரத்தின் கேபிளும் அது போனால் கைகொடுக்க வேண்டிய மாற்று மின்சாரத்தின் கேபிளும் போதிய பிரிப்பில்லாமல் ஒன்றாகப் போயிருந்தன. நிலையம் முழுவதும் சுமார் 17 மணி நேரம் இருண்டது. புகை புகுந்து கட்டுப்பாட்டு அறையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. டார்ச் லைட்டோடு உலைக் கட்டடத்தின் மேலே ஏறி, வால்வைக் கையால் திறந்து போரான் கரைசலை உலைக்குள் இறக்கினார்கள், சங்கிலி வினை மறுபடி தலைதூக்காமல் இருக்க. சூட்டை எடுக்க உதவியது எது தெரியுமா? மின்சாரம் தேவைப்படாமல் டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்பு. தீயை அணைக்க வைத்திருந்த தண்ணீரை நீராவி உற்பத்திக் கலன்களுக்கு அனுப்பினார்கள். கதிரியக்கம் வெளியேறவில்லை. அணுச் சம்பவங்களை ஏழு நிலைகளாகத் தரம் பிரிக்கும் சர்வதேச அளவுகோலில் அது மூன்றாம் நிலைச் சம்பவம். தீ தொடங்கியதோ அணுவோடு எந்தத் தொடர்பும் இல்லாத டர்பைன் கூடத்தில், எந்த அனல்மின் நிலையத்திலும் இருக்கக்கூடிய ஹைட்ரஜனிலும் எண்ணெயிலும். அதற்கு மூன்றரை வருஷம் முன்பு, 1989 அக்டோபரில், ஸ்பெயினின் வாண்டெயோஸிலும் டர்பைன் தீதான். அந்த உலையை அப்புறம் இயக்கவே இல்லை.

என் அனுபவம் ஒன்று. ஓர் அனல்மின் நிலையத்தின் கேபிள் சுரங்கத்தில் நடு இரவில் தீ. எங்கள் ஆட்கள் ஒரு பக்கம் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கத்து அறையிலிருந்து புகை வந்தது. விடிந்தபின் பார்த்தால், யாரோ ஓட்டையை அடைக்க வேண்டுமே என்று சாக்குப்பையைச் சுருட்டித் திணித்து, மேலே சாம்பல் நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் சீல் போலவே இருந்திருக்கும். தீத்திரிக்கு எண்ணெய் மட்டும்தான் ஊற்றவில்லை. உங்கள் தம்பியை ஏசிய அதிகாரியின் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் ஏசியிருப்பேன். ஒருவேளை தனியாகக் கூப்பிட்டு ஏசியிருப்பேன்.

தாளில் உள்ள மற்ற வார்த்தைகளில் ஒன்று மட்டும் உண்மையிலேயே ஆளைக் கவிழ்க்கும். எஃப்.ஆர்.எல்.எஸ். (ஃப்ளேம் ரிடார்டன்ட் லோ ஸ்மோக்) கேபிள் என்றால் தீயே பிடிக்காத கேபிள் என்று எலெக்ட்ரீஷியன்கள் பலர் நம்புகிறார்கள். அது தீ பரவுவதை மெதுவாக்கும், புகையைக் குறைக்கும், அவ்வளவே. தீயில் கிடந்தால் அது வேலை செய்யாது. தீயில் கிடந்தும் குறித்த நேரம் மின்சாரத்தைக் கடத்த வேண்டும் என்று செய்யும் கேபிள் வேறு. ஃபயர் சர்வைவல் கேபிள் என்று கேட்டு வாங்க வேண்டும். முன்னதைத் தீத்தாமதம், பின்னதைத் தீத்தாங்கு என்று தமிழில் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் 'தீத்தடுப்பு' என்று ஒரே சொல்லைப் போட்டு வைத்திருப்பதுதான் தொல்லை. அப்புறம் தீச்சுமை. ஓர் அறையில் இருப்பதெல்லாம் முழுக்க எரிந்தால் எவ்வளவு வெப்பம் வரும் என்பதைச் சதுர மீட்டருக்கு இத்தனை மெகாஜூல் என்று சொல்வது. காய்ந்த விறகு கிலோவுக்கு 16, 18. எண்ணெய் 42-க்கு மேல். மொத்த வெப்பத்தை அது சொல்லும், வேகத்தைச் சொல்லாது. ஒரே எடையுள்ள தடியும் ஆசாரி சீவிப்போட்ட சீவலும் தாளில் ஒரே தீச்சுமைதான். எது முதலில் வீட்டைக் கொளுத்தும் என்று உங்களுக்கே தெரியும்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னதால் ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். கல்பாக்கத்தில் வேக ஈனுலை என்ற வேறு வகை உலைகளில் குளிர்விப்பது திரவ சோடியம். அதில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும், நிலைமை மோசமாகும். அதற்கென்று உலர்பொடி வைத்திருப்பார்கள். எரிபொருள் செய்யும் ஆலைகளில் வேறு சிக்கல்: அணுவைப் பிளக்கும் நியூட்ரான் என்ற துகளின் வேகத்தைத் தண்ணீர் குறைத்து, நடக்கக்கூடாத இடத்தில் சங்கிலி வினைக்கு உதவிவிடலாம். ஆகவே அங்கே எந்த அறையில் எவ்வளவு தண்ணீர் என்பதுகூட முன்கூட்டியே கணக்குப் போட்டதாக இருக்கும்.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்தால் எனக்கு இப்படித் தெரிகிறது. தீ வராமல் தடு, வந்தால் சீக்கிரம் கண்டுபிடித்து அணை, அணைக்க முடியாவிட்டாலும் பரவாமல் நிறுத்தி உலையைப் பத்திரமாக மூடு என்ற மூன்றடுக்கு ஏற்பாடு சரியானது. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பிரித்து வைப்பது வேலை செய்கிறது என்பதும் உறுதி. சந்தேகம் வருவது எண்களில். மூன்று மணி நேரச் சுவர் என்றால் சோதனைச் சூளையில் மூன்று மணி நேரம். எண்ணெய்த் தீ அந்த வெப்பக் கோட்டை விட வேகமாக ஏறும், கேபிள் தீ மெதுவாகப் புகைந்து வேறு விதத்தில் கெடுக்கும். காப்பு உருகி இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டால் ஒரு வால்வு தானாகத் திறந்துவிடலாம். இது நடக்கும் என்பது உறுதி, எத்தனை முறைக்கு ஒரு முறை, எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் நிபுணர்களே ஒரு வாய்ப்பு எண்ணைத்தான் சொல்வார்கள். புகைக்குள் மனிதன் என்ன செய்வான் என்பதற்கு எந்தச் சூத்திரத்தையும் நான் முழுசாக நம்பியதில்லை. தம்பி வேலை பார்க்கும் நிலையம் எப்படி என்று நான் இங்கிருந்து சான்றிதழ் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு கான்ட்ராக்ட் ஆளின் ஓட்டையை ஒருவர் போய்ப் பார்த்திருக்கிறார் என்பது நல்ல சேதி.

அவனிடம் சொல்ல வேண்டியது இரண்டு. வேலை பாதியில் நின்றால் ஓட்டையைத் தற்காலிகமாக அடைக்கத் தலையணை போன்ற பைகள் தருவார்கள், சாப்பிடப் போகும் முன் அதைச் செருகிவிட்டுச் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். கையில் கிடைத்த துணி, சாக்கு, பாலித்தீன் எதுவும் கூடாது. இன்னொன்று, கேபிள் அறையில் கார்பன் டை ஆக்ஸைடு பாய்ச்சும் ஏற்பாடு இருந்தால் அதன் எச்சரிக்கைச் சத்தத்தை முதல் நாளே கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். அது கேட்டால் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டியதுதான். ஸ்பேனரை எடுக்கத் திரும்பியவர்கள் அந்த வாயுவில் மயங்கி விழுவது இந்தத் தொழிலில் நடந்திருக்கிறது.

அம்மாவுக்கு: அந்த ஓட்டைகளைப் பல இடங்களில் கல்நார் போலத் தோற்றமளிக்கும் கனிமக் கம்பளியால் அடைப்பார்கள். அதன் நுண்ணிழை தோலில் குத்தினால் நாள் முழுக்க அரிக்கும். நானே எத்தனையோ ராத்திரி சொறிந்துகொண்டு கிடந்திருக்கிறேன். கதிர்வீச்சால் தோல் கெடுவதற்கு மிகப் பெரிய அளவு வேண்டும். கதிர்வீச்சுப் பகுதிக்குள் அனுப்பினால் சட்டையில் குத்திக்கொள்ள அளவிடும் பேட்ஜ் கொடுப்பார்கள், அதன் கணக்கை அவன் கேட்டு வாங்கலாம். முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி போடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் தேய்க்காமல் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும், அந்தச் சட்டையை மற்றத் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. நாலைந்து நாளில் அடங்காவிட்டால், அல்லது கொப்புளம் வந்தால், அங்கேயே டாக்டரிடம் காட்டட்டும்.